வகுத்தலா, பிட் நகர்த்தலா: பழைய சி நிரலை மாற்றலாமா?

கேள்வி: புதுநிரலர்
1990களில் எழுதப்பட்ட சி நிரல் ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. இரண்டால் வகுக்க வேண்டிய இடங்களிலெல்லாம் >> 1 என்றே, அதாவது எண்ணின் பிட்களை ஓரிடம் வலப்புறம் நகர்த்தும் கட்டளையாகவே, எழுதியிருக்கிறார்கள். விளக்கக் குறிப்பு ஒரு வரிகூட இல்லை. படிப்பவருக்குப் புரியும்படி / 2 என்று மாற்றலாம் என்றால், வேகம் குறைந்துவிடும் என்று குழுவின் மூத்தவர் தடுக்கிறார். அவர் சொல்வது இன்றைக்கும் பொருந்துமா?

பதில்: நீலத்திரை
எழுதியவரைக் குறை சொல்லாதீர்கள். இன்டெலின் பழைய 8086 சில்லில் 16 பிட் வகுத்தலுக்கு 140க்கும் மேற்பட்ட கடிகாரச் சுழற்சிகள் தேவைப்பட்டன. சில்லுக்குள்ளேயே எண்ணை வைத்திருக்கும் பதிவகத்தை ஒரு பிட் நகர்த்த 2 சுழற்சிகள் போதும். நான் டர்போ சி என்ற பழைய கம்பைலரில் வேலை பழகிய நாட்களில், எங்கள் மேலாளர் அது தரும் அசெம்பிளி (சில்லின் கட்டளைகள்) வெளியீட்டை டாட் மேட்ரிக்ஸ் தாளில் அச்செடுத்து, வகுத்தல் கட்டளை தென்படும் இடத்திலெல்லாம் சிவப்பு மையால் சுழித்துக் கொடுப்பார். தாள் மடிப்பு மடிப்பாக மேசையிலிருந்து தரைவரை தொங்கும்.

பதில்: கம்பைலர்தாசன்
அந்தக் கணக்கு இன்று செல்லாது. மாறிலியான இரண்டால் வகுத்தால், வேக மேம்படுத்தலை முடக்கிய நிலையிலும் ஜிசிசி கம்பைலர் அதை நகர்த்தலாகவே (குறியுள்ள எண்ணானால் எதிர்ம மதிப்புக்கான சிறு திருத்தத்தோடு) மாற்றிவிடுகிறது. ஆனால் மாற்றும் முன் ஒன்றைப் பாருங்கள்: குறியுள்ள முழு எண்ணில் -3 / 2 என்பதன் விடை -1; -3 >> 1 என்பதற்கோ ஜிசிசி -2 தரும். ஆகவே எதிர்ம மதிப்பு வரக்கூடிய இடத்தில் இவ்விரண்டும் ஒரே நிரல் அல்ல.

பதில்: அளவுகோல்
வேகம்தான் கவலை என்றால் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் புரொஃபைலரை முதலில் ஓட்டிப் பாருங்கள். நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும். சியில் இரு பரிமாண அணி வரிசை வரிசையாகவே நினைவகத்தில் கிடக்கிறது. பெரிய அணியை நெடுக்குவாக்கில் படித்தால், ஒவ்வொரு உறுப்புக்கும் செயலியின் தற்காலிக நினைவகத்தில் (கேஷ்) புதிதாக 64 பைட் வரி ஒன்றை ஏற்ற நேரும். சுழல்களின் வரிசையை மாற்றினாலே போதும், படிக்கும் எளிமையும் கெடாது.

புதுநிரலர்
நன்றி. பார்த்துவிட்டேன்: அந்த மாறியில் வருவது குளிர்பதன அறையின் வெப்பநிலை, சுழியத்துக்குக் கீழும் இறங்கும். நகர்த்தலை அப்படியே விட்டு, அதைப் பொருள் விளங்கும் பெயருள்ள சார்பு ஒன்றுக்குள் வைத்து, -3க்கு -2 வருகிறதா என்று பார்க்கும் சோதனையையும் சேர்த்துவிடுகிறேன்.