ப்ரோட்டீன் ஸ்கிம்மருக்குத் தமிழ்ச் சொல்: நுரைநீக்கியா, நுரைவாரியா?

குழுவினர்க்கு வணக்கம்.

நன்னீர் மீன் வளர்த்த பழைய தொட்டியைக் கடல்நீர்த் தொட்டியாக மாற்றுவது பற்றிய கையேட்டுக்குச் சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒன்று மட்டும் பிடிகொடுக்காமல் நிற்கிறது: ப்ரோட்டீன் ஸ்கிம்மர். கொளத்தூர்க் கடைகளில் வெறுமனே "ஸ்கிம்மர்" என்கிறார்கள். பேச்சுக்கு அது போதும். கையேட்டில் அதன் உறுப்புகள், சரிசெய்யும் விதம், பழுது எல்லாம் வருவதால் கிளைக்கக்கூடிய ஒரு சொல் வேண்டும்.

கருவியைப் பார்த்திராதவர்களுக்காக: செங்குத்தான அக்ரிலிக் உருளை, அடியில் ஒரு பம்பு. பம்பின் சுழலியில் இதழ்களுக்குப் பதில் ஊசி ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கும். பம்பு தண்ணீரோடு காற்றையும் இழுக்க, ஊசிகள் அந்தக் காற்றை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய குமிழ்களாக நொறுக்கும். மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் கரைகிற பொருள்கள் பலவற்றுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை ஒட்டாது. ஒட்டாத முனை குமிழைப் பற்றிக்கொள்ளும். குமிழ்கள் மேலேறி, குறுகிய கழுத்தில் நெருங்கி நுரையாகி, விளிம்பு தாண்டிக் கோப்பையில் விழும். கோப்பையில் சேர்வது டிகாக்ஷன் நிறத்தில் ஒரு நாற்றத் தண்ணீர்.

இதுவரை வந்த பரிந்துரைகள்: புரத வடிகட்டி, புரதநீக்கி, நுரைநீக்கி, நுரைப்பான். கருத்துச் சொல்லுங்கள்.

* * *

"வடிகட்டி" வேண்டாம் ஐயா. நன்னீர்த் தொட்டி வைத்திருந்தவர் அந்தச் சொல்லைப் பார்த்ததும் உள்ளே பஞ்சு எங்கே இருக்கிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை கசக்கிக் கழுவவேண்டும் என்று தேடுவார். இதில் பஞ்சே கிடையாது. பஞ்சில் சிக்கிய அழுக்கு தொட்டித் தண்ணீரிலேயேதான் கிடக்கிறது. அங்கேயே அழுகி அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று படிப்படியாக மாறும். இந்தக் கருவியோ அழுகுமுன்பே பொருளைத் தண்ணீரைவிட்டு வெளியே தள்ளிவிடுகிறது. ஏற்கெனவே நைட்ரேட் ஆகிவிட்டதை இதனால் எடுக்கவும் முடியாது. இந்த இரண்டையும் வடிகட்டி என்ற பெயர் மூடிவிடும்.

"நுரைநீக்கி" அதைவிட மோசம். சாயப்பட்டறையிலும் சர்க்கரை ஆலையிலும் நுரை பொங்காமல் அடக்க ஊற்றுகிற மருந்துக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். இங்கே நுரை வரவேண்டும். வந்தால்தான் வேலை நடக்கும். தீனியோடு வந்த ஒரு துளி எண்ணெய், கையில் பூசிய க்ரீம், இவையே நுரையைப் படுக்கவைத்துவிடும்.

"புரதம்" பாதிதான் உண்மை. கொழுப்பு, பாசி கக்கும் பொருள்கள், மஞ்சள் நிறமிகளில் ஒரு பகுதி எல்லாமே நுரையோடு போகின்றன. ஆங்கிலப் பெயரில் இருக்கிற குறையை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

கையேட்டில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: இந்தக் கருவி நன்னீரில் வேலை செய்யாது. நன்னீரில் சிறு குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும். உப்பு கரைந்த நீரில் அப்படிச் சேர்வது தடைபடுகிறது. அதனால்தான் கடற்கரையில் நுரை நிற்கிறது, ஏரிக்கரையில் அவ்வளவாக நிற்பதில்லை. தொட்டியில் உப்பு ஏற்றுமுன் கருவியைப் போட்டுச் சோதித்துவிட்டுப் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு.

* * *

"நுரைவாரி" என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை.

மண்வாரி என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. இலங்கையில் மண் அள்ளும் கருவிக்கு அன்றாடம் புழங்கும் பெயரே அதுதான். தூர்வாருதல் எல்லாருக்கும் தெரியும். வேண்டாததைத் திரட்டி அள்ளி வெளியே போடுவது என்ற பொருள் "வாரு" என்ற வினையில் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. நுரை கருவிக்கு எதிரி என்ற எண்ணமும் வராது.

கருவியின் பெயர் வேறு, முறையின் பெயர் வேறு என்பதையும் பாருங்கள். தமிழ்நாட்டு வேதியியல் பாடநூல் தாதுவை அடர்ப்பிக்கும் வழிக்கு "நுரை மிதப்பு முறை" என்கிறது. இரண்டும் ஒரே குடும்பம். ஆகவே முறைக்கு "நுரைப்பிரிப்பு", கருவிக்கு "நுரைவாரி", உறுப்புகளுக்கு வாரிக்கழுத்து, வாரிக்கோப்பை.

வாரி என்றால் பழந்தமிழில் கடல் என்றும் பொருள். கடல்நீர்க் கருவிக்கு அது தற்செயலாகக் கிடைத்த இலவச இணைப்பு.

* * *

கடலைக் கொண்டுவந்து கட்டியதை ரசித்தேன். ஆனால் "வாரி" என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. வாருவது கையால் அல்லது கரண்டியால் செய்யும் வேலை. இந்தக் கருவியில் எதுவும் போய் நுரையை அள்ளுவதில்லை. நுரை தானே ஏறி வழிகிறது. சரிசெய்கிறவர் கண்வைக்க வேண்டியதும் அந்த ஏற்றத்தில்தான். "நுரையேற்றி" என்றால் அது பெயரிலேயே வந்துவிடும்.

நடைமுறையைச் சொல்கிறேன். சம்ப் தொட்டியில் (கருவிகளை வைக்கும் துணைத்தொட்டி) கருவி நிற்கும் அறையின் நீர்மட்டம் பெரும்பாலான மாடல்களுக்கு 15 முதல் 23 செ.மீ. மட்டம் ஏறினால் உருளைக்குள் தண்ணீர் உயரும், நுரை நீர்த்துப்போய்க் கோப்பை ஒரே இரவில் வெறும் தண்ணீரால் நிரம்பும். இறங்கினால் நுரை கழுத்துவரை வராது. வெளியேற்றுக் குழாயின் திருகை மூடினால் உள்மட்டம் உயரும், திறந்தால் தாழும். கொஞ்சம் திருகிவிட்டு அரை நாளாவது பொறுக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திருகுகிறவருக்கு எந்த மட்டமும் நிலைக்காது.

புதுக் கருவி முதல் சில நாள்கள், சில சமயம் இரண்டு வாரம்வரை, ஒழுங்காக நுரைக்காது. தயாரிப்பின்போது அக்ரிலிக்கில் படிந்த எண்ணெய்ப் பசைதான் காரணம். வெள்ளை வினிகர் கலந்த தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவினால் சீக்கிரம் தேறும். இதற்கு நேர்மாறான தொல்லை பொங்கி வழிவது: பாறை ஒட்டும் எபாக்சி, புது சிலிகான், மீனின் மேல்வழுவழுப்பைக் காக்கும் என்று விற்கும் நீர்ச்சீராக்கி, இவற்றில் ஏதாவது தண்ணீரில் சேர்ந்திருக்கும். அப்போது கோப்பையைக் கழற்றிவைத்து ஓரிரு நாள் ஓடவிட வேண்டும்.

நுரை திடீரென்று குறைந்தால் முதலில் பார்க்கவேண்டியது காற்றுக்குழலின் முனை. அங்கே உப்புப் பூத்து அடைத்திருக்கும். குழலை வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி உறிஞ்சவிட்டால் கரைந்துவிடும். அடுத்தது கழுத்து: உள்சுவரில் படியும் கொழுப்பே நுரையை உடைக்கும், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும்.

* * *

மேலே "உப்புப் பூத்து" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள் அம்மா. அதையே சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம். தொட்டி விளிம்பிலும் ஒயரிலும் உப்பு ஏறிப் படர்வதற்கு இத்தனை நாளாகச் சொல் தேடிக்கொண்டிருந்தோம். சுவரில் உப்புப் பூப்பது போலத்தானே இதுவும். ஒயர் ப்ளக் பாயிண்டைவிடத் தாழ்வாகத் தொங்கி வளைந்து மேலேற வேண்டும் என்ற எச்சரிக்கையையும் அதே பதிவில் சேர்க்கலாம். பூத்த உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரம் ஒயர்வழி இறங்கும்.

நான் எழுத வந்தது வேறு. வரைவில் "கடலுப்பு" என்ற சொல் நாலைந்து இடத்தில் இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். மளிகைக்கடைக் கல்லுப்பைத்தான் நம் ஊரில் கடலுப்பு என்பார்கள். அதைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் சுண்டும்போது முதலில் கால்சியம் கார்பனேட் படியும். அடுத்து, போமே அளவில் (உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் அளவு) சுமார் 13 பாகை தாண்டியதும் ஜிப்சம் இறங்கும். 25 பாகையை ஒட்டித்தான் சோடியம் குளோரைடு விளையத் தொடங்கும். 29, 30 பாகையில் மிஞ்சும் கசப்புநீரை வடித்துவிடுவார்கள். மக்னீசியம் அதோடு போய்விடும். தூத்துக்குடியானாலும் வேதாரண்யமானாலும் பாத்தியில் வாருகிற உப்பு, கால்சியத்தை முன்னாலும் மக்னீசியத்தைப் பின்னாலும் இழந்த உப்பு. கடல்நீரின் ஒரு கிலோவில் மக்னீசியம் ஏறத்தாழ 1.28 கிராம், கால்சியம் 0.41 கிராம் இருக்கவேண்டும். எனவே கடையில் வாளியில் வரும் கலவைக்கு "கடல்நீர்க் கலவையுப்பு" என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் யாரும் கல்லுப்பைக் கொட்டமாட்டார்கள்.

பாருங்கள், பாத்தியில் உப்பையும் "வாருகிறோம்" என்றுதான் எழுதியிருக்கிறேன். உப்பு தானே விளைகிறது, திரட்டி ஒதுக்குவது மட்டும்தான் வாருதல். நுரையும் அப்படியே. என் வாக்கு நுரைவாரிக்கு. "நுரையேற்றி" என்றால் காற்றேற்றி போல நுரையை உள்ளே செலுத்தும் கருவி என்று படும்.

* * *

நுரைவாரிக்கு நானும் உடன்படுகிறேன். வேறு இரண்டு சொற்கள்.

மீன் கழிவின் அமோனியாவை மாற்றும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளரவிடுவதுதான் "சைக்கிளிங்". அதற்கு வரைவில் "சுழற்சிப்படுத்தல்" என்று இருக்கிறது. படித்தால் தண்ணீரைச் சுற்றவிடுவது என்று தோன்றும். புதுச் சட்டியையும் தோசைக்கல்லையும் பழக்குகிறோம் அல்லவா, "தொட்டி பழக்குதல்" என்றாலே போதும். பழைய நன்னீர்த் தொட்டிக்காரருக்கு இது அவசியமான பாடம். ஏற்கெனவே பழகிய தொட்டிதானே என்று நினைப்பார். நன்னீரில் வளர்ந்த பாக்டீரியாவை நம்பிக் கடல்நீரில் மீன் விடமுடியாது. மறுபடி லிட்டருக்கு 2 மி.கி. அளவில் அமோனியா கொடுத்து, அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டும்வரை பொறுக்க வேண்டும். நான்கு முதல் ஆறு வாரம் வைத்துக்கொள்ளலாம். மீனைப் புதுத் தண்ணீருக்குத் தயார்செய்வதை "நீரிணக்கம்" என்று பிரித்துவிட்டால் குழப்பம் வராது.

இன்னொன்று "டாப்-ஆஃப்". ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். ஆகவே ஈடுசெய்ய ஊற்றுவதும் உப்பில்லாத தண்ணீராகத்தான் இருக்கவேண்டும். "ஈடுநீர்" என்று வையுங்கள். 150 லிட்டர் தொட்டியில் நாளைக்கு 2 லிட்டர் குறைந்து, அதைக் கடல்நீராலேயே நிரப்பினால் நாளொன்றுக்கு 70 கிராம் உப்பு ஏறும். பத்தே நாளில் உப்பளவு (ஒரு கிலோ தண்ணீரில் எத்தனை கிராம் உப்பு என்பது) 35-லிருந்து 40-ஐ நெருங்கும்.

* * *

எல்லாருக்கும் நன்றி. நுரையேற்றியை முன்மொழிந்தவர் தனிமடலில் "காற்றேற்றியோடு குழம்பும் என்பது உண்மைதான்" என்று விட்டுக்கொடுத்துவிட்டார். ஆனாலும் நுரைமட்டம் என்ற சொல் கையேட்டில் அடிக்கடி வரவேண்டும் என்கிறார். வரும். "உயிர்ப்பாறை" (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பவளப்பாறைத் துண்டு) பற்றிக் கேட்டவருக்கு: சொல் இருக்கட்டும், ஆனால் மன்னார் வளைகுடாவிலிருந்து பவளப்பாறை எடுப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எனவே கையேடு காய்ந்த செயற்கைப் பாறையை மட்டுமே சொல்லும்.

திருத்திய பகுதி இது. 3 x 1½ x 1½ அடித் தொட்டியை வைத்துக் கணக்கிட்டது.

"பழைய சரளை, பிளாஸ்டிக் செடி, சரளைக்கு அடியில் பதித்த வடிகட்டி மூன்றையும் எடுத்துவிடவும். சோப்பு கூடாது, சுண்ணாம்புக் கறையை வெள்ளை வினிகரால் ஊறவைத்து பிளேடால் சுரண்டவும். வெள்ளைப்புள்ளி நோய்க்கு மயில்துத்தம் கலந்த மருந்து எப்போதாவது போட்டிருந்தால் தாமிரம் சரளையிலும் சிலிகான் ஒட்டிலும் ஊறியிருக்கும். தொட்டியை நிரப்பி ஒரு வாரம் விட்டுத் தாமிரச் சோதனை செய்யவும். தாமிரம் தெரிந்தால் அந்தத் தொட்டியில் மீன் மட்டும் வளர்க்கலாம். இறால், நத்தை, பவளம் வேண்டாம்.

கொள்ளளவு சுமார் 190 லிட்டர். பாறையும் மணலும் போக 150. லிட்டருக்கு 37 கிராம் என்ற கணக்கில் கடல்நீர்க் கலவையுப்பு ஐந்தரை கிலோ. வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. கருவியில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் இருந்தால் அது உப்பைத் திரும்பக் கலக்கிறது, அந்தத் தண்ணீர் ஆகாது. தண்ணீரில் உப்பைச் சிறிது சிறிதாகப் போடவும். உப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியம் கார்பனேட் வெண்மையாகப் படிந்து வீணாகும். பம்பு வைத்து ஒரு நாள் கலக்கவும். உப்பளவு பார்க்கும் ஒளிவிலகல்மானியை வெறும் தண்ணீரில் மட்டும் சரிபார்த்தால் போதாது. 36.5 கிராம் தூய சோடியம் குளோரைடை 963.5 கிராம் தண்ணீரில் கரைத்தால், அது உப்பளவு 35 உள்ள கடல்நீரைப் போலவே ஒளியை வளைக்கும். அதில் வைத்துச் சரிசெய்யவும்.

சம்ப் இல்லாத தொட்டிக்கு முதுகில் மாட்டும் நுரைவாரி. சுவருக்கும் தொட்டிக்கும் இடையே 10 முதல் 12 செ.மீ. இடைவெளி தேவை. மேல்விளிம்பில் கண்ணாடிப் பட்டை ஒட்டியிருந்தால் மாட்டும் கொக்கி உட்காராது. வாங்குமுன் அளந்து பார்க்கவும். மூடிய ஏ.சி. அறையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து நுரைவாரி அதையே உறிஞ்சும், பி.எச். 7.8 வரைகூட இறங்கும். காற்றுக்குழலை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விடவும்."

வாரிக்கோப்பையா, வாரிக்கிண்ணமா என்பதில் மட்டும் இன்னும் இரண்டு கட்சி. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், படங்களுக்குப் பெயர் எழுதவேண்டும்.