வீட்டுக்கடனைச் சீக்கிரம் முடிக்கணும், ஆனால் வீட்டில் யாருக்கும் சிரிப்பே வரவில்லை

ஊரப்பாக்கம்_அம்மு:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு கணக்கு கேட்கணும். கணக்கு என்று சொன்னாலும் பாதி புலம்பல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021 ஜூலையில் ஊரப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட் வாங்கினோம். கடன் 35 லட்சம், 20 வருஷம், அப்போது வட்டி 6.8, தவணை 26,717. ரெப்போவோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனின் வட்டியோடு, ஏறி இறங்கும் கடன் என்று கையெழுத்துப் போடும்போதே சொன்னார்கள், நாங்கள் இறங்குவதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டோம். 2022 மே மாதம் ஏற ஆரம்பித்தது, 2023 பிப்ரவரி முடிவதற்குள் 9.3. தவணை 28,200 ஆனதோடு விட்டதா, மீதிக்காலம் 340 மாதம் என்று ஸ்டேட்மெண்டில் வந்தது. வாங்கும்போது 240, ஒன்றரை வருஷம் கட்டிய பிறகு 340! அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் தூங்கவே இல்லை.

2025 ஜனவரியிலிருந்து தவணைக்கு மேல் மாதம் 20,000 அசலில் கட்டுகிறோம். இப்போது வட்டி 8.05, பாக்கி 29 லட்சத்து 70 ஆயிரம். அவர் சம்பளம் கையில் 78,000, எனக்குத் தனியார் பள்ளியில் 27,000. மாமனார் மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்கள், மாத்திரைச் செலவு தனி. வெளியே சாப்பிட்டு ஒரு வருஷமாகிறது. தீபாவளிக்குக் குழந்தைக்கு மட்டும் துணி. கூடுவாஞ்சேரி வரைக்கும் போனால்கூட நோட்டில் எழுதுகிறார். நான் குறை சொல்லவில்லை, அவர் தனக்கும் எதுவும் வாங்கிக்கொள்வதில்லை, செருப்பு தைத்துத் தைத்துப் போடுகிறார்.

போன வாரம் மகள் பள்ளியில் சுற்றுலாவுக்கு 650 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். அவள் அந்தச் சீட்டை எங்களிடம் காட்டவே இல்லை, நாலாக மடித்துப் பென்சில் டப்பாவுக்குள் வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டால், "லோன் முடிஞ்சப்புறம் போறேன்மா" என்கிறாள். ஒன்பது வயசு.

இப்படியே கட்டிக்கொண்டு போவதா, குறைப்பதா? குறைத்தால் எவ்வளவு நஷ்டம்? அவரிடம் மனசு, சந்தோஷம் என்று பேசினால் எடுபடாது. எண்ணாக வேண்டும்.

கணக்குப்பிள்ளை_மதுரை:
எண்ணாகவே தருகிறேன் சகோதரி. 29.7 லட்சம், 8.05 வட்டி, தவணை 28,200, வட்டி இப்படியே இருக்கும் என்று வைத்துப் போட்டது.

மேலே ஒன்றும் கட்டாவிட்டால் இன்னும் 15 வருஷம் 3 மாதம், இனிமேல் போகும் வட்டி சுமார் 22 லட்சம். மாதம் 10,000 சேர்த்துக் கட்டினால் 9 வருஷம் 2 மாதம், வட்டி 12.4 லட்சம். நீங்கள் இப்போது செய்கிற மாதிரி 20,000 கட்டினால் 6 வருஷம் 8 மாதம், வட்டி 8.75 லட்சம்.

இதை உங்கள் வீட்டுக்காரரிடம் அப்படியே காட்டி, ஒரே ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். முதல் பத்தாயிரம் ஆறு வருஷத்தையும் ஒன்பதரை லட்சத்தையும் மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது பத்தாயிரம் மிச்சப்படுத்துவது இரண்டரை வருஷம், மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டும் ஒரே பத்தாயிரம்தான், ஆனால் வேலை ஒன்றல்ல. உங்கள் வீட்டில் சிரிப்பை நிறுத்தியிருப்பது அந்த இரண்டாவது பத்தாயிரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்றரை லட்சம் சின்னத் தொகை என்று சொல்ல வரவில்லை, அதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கணும், அவ்வளவுதான்.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. மாதம் 12,000, அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறை போனஸிலிருந்து 50,000. ஏழரை வருஷத்தில் முடிந்துவிடும். மாதம் எட்டாயிரம் வீட்டுக்குத் திரும்ப வரும்.

இன்னொன்று, மேலே கட்டும் பணத்தைக் காலத்தைக் குறைக்கப் போடுகிறார்களா தவணையைக் குறைக்கப் போடுகிறார்களா என்று பார்த்தீர்களா? தவணை 28,200 அப்படியே இருக்கிறது என்பதால் காலத்தில்தான் குறைகிறது என்று நினைக்கிறேன், ஸ்டேட்மெண்டில் ஒரு தடவை சரிபாருங்கள். உங்களுடையது மாதிரி ஏறி இறங்கும் மிதக்கும் வட்டிக் கடனுக்கு முன்கூட்டியே கட்டுவதற்கு அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது, அதனால் அந்தப் பயம் வேண்டாம்.

திருப்பூர்_பனியன்:
மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன், உங்கள் சேமிப்புக் கணக்கில் இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது?

நானும் உங்கள் வீட்டுக்காரர் மாதிரிதான். 2017லிருந்து மூன்று வருஷத்தில் தவணைக்கு மேல் ஆறு லட்சம் கட்டினேன், பெருமையாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். 2020 ஏப்ரலில் கம்பெனியில் சம்பளம் நின்றது, ஐந்து மாதம் ஒரு பைசா இல்லை. தவணையைத் தள்ளிப்போடலாம் என்றார்கள், தள்ளிப்போட்டால் அந்த மாதங்களின் வட்டி அசலோடு சேரும் என்பதால் நான் வீம்புக்கு அதை வாங்கவில்லை. சரி, ஆறு லட்சம் முன்னாடியே கட்டியிருக்கிறோமே, கொஞ்சம் பொறுக்க மாட்டார்களா என்று கிளைக்குப் போய்க் கேட்டேன். அந்த அம்மா மரியாதையாகத்தான் சொன்னார், சார் அது போன வருஷக் கணக்கு, இது இந்த மாசத் தவணை என்று. அவர் சொன்னதில் தப்பே இல்லை. வீட்டுக்குள் போன பணம் செங்கல்லாகிவிடும், அவசரத்துக்குப் பெயர்த்து எடுக்க முடியாது. மனைவியின் ஆறு பவுனை அடகு வைத்துத்தான் தவணை கட்டினேன், மீட்க இரண்டு வருஷமானது.

ஆறு மாதச் செலவும் தவணையும் சேர்த்து ஒரு தொகை தனியாக நிற்கட்டும். அது வரும்வரை மேலே கட்டுவதை நிறுத்தினாலும் தப்பில்லை. வயசானவர்கள் வேறு வீட்டில் இருக்கிறார்கள்.

ஊரப்பாக்கம்_அம்மு:
40,000 இருக்கிறது. எழுதும்போதே கை நடுங்குகிறது.

நைட்_ஷிஃப்ட்:
ஸ்விக்கியை நிறுத்துங்க, ஓடிடியை நிறுத்துங்க, தானா மிச்சமாகும்.

ஊரப்பாக்கம்_அம்மு:
தம்பி, அதெல்லாம் 2025 ஜனவரியிலேயே நிறுத்தியாச்சு. பால் பாக்கெட் மாற்றினதுகூட அந்த நோட்டில் இருக்கிறது.

கோமதி_நெல்லை:
எல்லோரும் குறை, குறை என்றே சொல்கிறீர்கள். நான் மறுபக்கம் சொல்கிறேன். நாங்கள் 22 லட்சத்தை ஏழே வருஷத்தில் முடித்தவர்கள். அந்த நிம்மதி வேறு, தவணை போகிற ஐந்தாம் தேதி வந்தால் வயிற்றைப் பிசையுமே, அது இல்லை. உங்கள் வீட்டுக்காரரைத் திட்டாதீர்கள், 340ஐப் பார்த்தவருக்கு அந்தப் பயம் சுலபத்தில் போகாது.

நாங்கள் செய்தது இதுதான். சம்பளம் ஏறினால் ஏறினதில் பாதி கடனுக்கு, பாதி வீட்டுக்கு. அந்த வீட்டுப் பாதிக்குக் கணக்குக் கேட்கக்கூடாது என்று பேச்சு, அவரும் கேட்கக்கூடாது நானும் கேட்கக்கூடாது. மாதத்தில் ஒரு ஞாயிறு குற்றாலமோ திருச்செந்தூரோ, இரண்டும் இல்லாவிட்டால் இருட்டுகிற நேரத்தில் ஜங்ஷனில் ஒரு புரோட்டா சால்னா. பிள்ளைகளுக்கு முன்னால் கடனைப் பற்றிப் பேச மாட்டோம், இதை நாங்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம், உங்கள் பெண் மாதிரியே என் பையன் ஒரு தடவை பேசிவிட்டான்.

முடிக்கிற நாள் வரும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மூலப்பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தரணும், அவர்கள் தப்பால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் தரணும் என்பது 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. பத்திரம் கைக்கு வந்ததோடு விடாமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானத்தை ரத்து செய்து ரசீது பதிந்து, வில்லங்கம் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு அதில் அடமானம் அப்படியே நின்றது, இரண்டாம் தடவை அலைந்தோம்.

பழைய_பேங்க்காரன்:
ஓய்வு பெற்றவன், கடன் பிரிவில் பல வருஷம் இருந்தவன். எல்லோரும் செலவைப் பற்றியே பேசுகிறீர்கள், வட்டியை யாரும் பார்க்கவில்லையே அம்மா.

ரெப்போ இப்போது 5.25. உங்கள் வட்டி 8.05 என்றால் ரெப்போவுக்கு மேல் 2.8 வாங்குகிறார்கள். 2021இல் போட்ட அதே 2.8. இன்றைக்குப் புதிதாக வாங்குகிறவருக்கு, சிபில் என்கிற கடன் மதிப்பெண் நன்றாக இருந்தால், ஏழரைக்குப் பக்கத்திலும் அதற்குக் கீழும் கொடுக்கிறார்கள். பழைய வாடிக்கையாளருக்குத் தானாகக் குறைக்க மாட்டார்கள், கேட்கணும். கிளைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், ஒரு தடவைக் கட்டணம் வாங்கிக்கொண்டு மாற்றித் தருவார்கள். மறுத்தால் வேறு வங்கிக்கு மாற்றப் போகிறேன் என்று சொல்லுங்கள், பெரும்பாலும் அந்த வார்த்தைக்கே பலன் இருக்கும். ஏழரை ஆனால் உங்கள் பாக்கிக்கு மாதம் சுமார் 1,360 ரூபாய் வட்டி குறைகிறது. நோட்டில் கூடுவாஞ்சேரி பஸ் செலவை எழுதுகிற மனிதர் இதை விட்டுவிட்டாரே என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

வரிக்காகக் கடனை வைத்திருக்கணும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புதிய வரிமுறையில் சொந்தக் குடியிருப்பு வீட்டுக்கு வட்டிக் கழிவு கிடையாது, உங்கள் வீட்டுக்காரர் சம்பளத்துக்கு அதில் வரியே வராது.

கையில் பணமும் வேண்டும், வட்டியும் குறையணும் என்றால் ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக்கடன் இருக்கிறது, ஸ்டேட் பேங்க்கில் மேக்ஸ்கெயின் என்பார்கள். உபரியைப் போட்டு வைத்தால் அதற்கு வட்டி ஓடாது, தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். வட்டி கொஞ்சம் கூட இருக்கும். கை ஓட்டையாக உள்ளவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன், உங்கள் வீட்டுக்காரருக்குத் தாராளமாகச் சொல்வேன்.

ஊரப்பாக்கம்_அம்மு:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் படுத்துவிட்டேன். ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால் எக்செல்லில் போட்டுக்கொண்டிருக்கிறார், கணக்குப்பிள்ளை அண்ணன் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்க. கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த 2.8 விஷயத்தில்தான் ரொம்ப அடிபட்டுப் போனார், காலையில் ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கடிதத்தோடு கிளைக்குப் போயிருக்கிறார்.

திருப்பூர் அண்ணன் சொன்னபடி ஆறு மாதத் தொகை பெரிசு, இப்போதைக்கு 40,000 இரண்டு லட்சம் ஆகும்வரை மேலே கட்டுவதை நிறுத்துகிறோம். எட்டு மாதமாகும். அப்புறம் மாதம் 12,000, போனஸ் தனி, மிச்சத்தில் ஒரு பங்கு அந்த அவசரத் தொகைக்கே. நோட்டு இருக்கட்டும் என்கிறார், சரி என்றேன், ஆனால் மகள் கண்ணில் படாமல் பீரோவுக்குள்.

சுற்றுலாப் பணம் கட்டியாச்சு, மகள் வியாழக்கிழமை வண்டலூர் போகிறாள். நாங்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம். சாப்பாடு மட்டும் வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டுதான் போகணும் என்று ஒரே பிடிவாதம். அதில் நான் விட்டுக்கொடுத்துவிட்டேன், என் மாமியார் புளிசாதம் உண்மையிலேயே நன்றாக இருக்கும்.