அப்பாவின் நினைவு அட்டையில் தூண்டிலுக்கு இடம் உண்டா?

குலசேகரத்துக்காரி:

அப்பாவின் 41-ஆம் நாள் திருப்பலி வருகிற சனிக்கிழமை. வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு அட்டை அச்சடிக்கிறோம். முன்பக்கம் படமும் ஜெபமும். பின்பக்கம் எழுதுவது என் தலையில் விழுந்திருக்கிறது. "முன்னாள் இராணுவ வீரர், பாசமிகு தந்தை. இது போதும். தூண்டில் போட்டதையெல்லாம் எழுதினால் ஊர் சிரிக்கும்" என்கிறார் அண்ணன். மைனியும் அவர் பக்கம். அம்மா வாய் திறக்கவில்லை.

எனக்கு மனம் ஒப்பவில்லை. சந்தியில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும் இதே வரிதான். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும்.

அப்பா 1948-இல் பிறந்தவர். பட்டாளத்துக்குப் போவதற்கு முன் மாத்தூர்த் தொட்டிப்பால வேலையில் மண் சுமந்திருக்கிறார். 1967-இல் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, 1984-இல் ஹவில்தாராக ஊர் திரும்பினார். 1971 போருக்குப் போனார் என்பது மட்டும் தெரியும். எப்படி இருந்தது என்று கேட்டால் "குளிர் அதிகம்" என்பார். அதற்கு மேல் ஒன்றும் பெயராது. அதே மனிதரிடம் எந்தக் குளத்தில் எந்தக் கரையோரம் விரால் கிடக்கும் என்று கேட்டுவிட்டால், இலையில் சோறு ஆறிப்போகும்.

ஊர் வந்தபின் அரை ஏக்கர் ரப்பர். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தானே பால் வெட்டுவார். ஷீட் அடித்து முடித்ததும் ஆளை வீட்டில் பார்க்க முடியாது. பறளியாறு, சில நாள் பேச்சிப்பாறை அணை. தூண்டில் மிதப்புக்கு மயிலிறகின் தண்டுதான் வைப்பார். தோகையை உருவி, தண்டைச் சீவி, சைக்கிள் டியூபில் மெல்லிய வளையம் வெட்டி நரம்போடு சேர்த்து மாட்டுவார். பொடிமீன் கொத்தினால் அது நடுங்கும். கெளுத்தி என்றால் ஒரேயடியாக முங்கும். "பேசாதே, மிதப்பைப் பார்" என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார்.

அம்மாவுக்கு மூட்டுவலி வந்தபின் மீன் ஆய்வதும் மரச்சீனி அவிப்பதும் அவர்தான். பட்டாளத்திலிருந்து அம்மாவுக்கு எழுதிய இன்லண்ட் கடிதங்கள் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. ஏதாவது காதல் இருக்கும் என்று ஆசையாகப் பிரித்தேன். எல்லாவற்றிலும் "பசுவுக்குப் பருத்திக்கொட்டை வாங்கினாயா?"

இதையெல்லாம் அட்டையில் எழுதுவது முறையா? அவர் சொல்லாத போரைப் பற்றி எங்கே தெரிந்துகொள்வது? பெட்டியில் சில பதக்கங்கள் உள்ளன. எது எதற்கென்று விளங்கவில்லை. அச்சகத்தில் வியாழன் மாலைக்குள் கேட்கிறார்கள்.

ஓய்வுபெற்ற சுபேதார்:

மகளே, பதக்கங்களின் விளிம்பைத் துடைத்துப் பார். பணி எண், பதவி, பெயர் பொறித்திருக்கும். நட்சத்திர வடிவில் ஒன்று இருந்தால் அதில் உள்ள இந்தியை யாரிடமாவது காட்டி வாசி. 'பஸ்சிமி ஸ்டார்' என்றால் மேற்கு முனை. 'பூர்வி ஸ்டார்' என்றால் கிழக்கு, அதாவது வங்காளதேசம் பக்கம். வட்டமான சங்கிராம் பதக்கம் மட்டும் இருந்தால் களத்தில் நின்றார் என்று எழுதிவிடாதே. அது 1971-இல் பணியில் இருந்த பலருக்கும் கொடுத்தது. பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஒப்பிட்டுக்கொள். நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெஜிமெண்ட் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிக் கேட்கலாம், ஆனால் வியாழனுக்குள் பதிலை எதிர்பார்க்காதே.

"குளிர் அதிகம்" என்றாரே, அதைச் சும்மா தள்ளாதே. அந்தப் போர் நடந்தது டிசம்பரில், 3-ஆம் தேதியிலிருந்து 16 வரை. ஜம்மு, பஞ்சாப் எல்லையில் இராத்திரி பதுங்குகுழிக்குள் கிடந்த நம் ஊர்க்காரனுக்கு வேறு என்ன நினைவில் நிற்கும்?

நீ கேட்காத ஒன்று. அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தாயிற்றா? ஓய்வூதிய ஆணையில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா பார். நம் பக்கத்தில் வீட்டுப்பெயரும் இனிஷியலும் ஆளுக்கொரு விதமாகக் கிடக்கும். வித்தியாசம் இருந்தால் நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போ.

தக்கலை வாசகர்:

அண்ணன் சொல்வதிலும் நியாயம் உண்டு சகோதரி. அட்டையைப் பலர் பைபிளுக்குள் வைத்துக்கொள்வார்கள். அவரை நேரில் அறியாதவர்களும் வாங்குவார்கள். பட்டாளம் மேலே வரட்டும். 'பாசமிகு'வை மட்டும் அடித்துவிடுங்கள். பருத்திக்கொட்டை இருக்கும்போது அது எதற்கு? மிதப்பு கட்டுகிற விதம் அட்டைக்கு நீளம்.

திற்பரப்புத் தம்பி:

அக்கா, சைக்கிள் கேரியரில் வெட்டுகத்தி செருகியிருக்குமா? காக்கித் தொப்பி? அப்படியென்றால் எனக்கு அவரைத் தெரியும், பெயர்தான் தெரியாது. ஆற்றில் திடீரென்று சருகு மிதந்து வந்தால் உடனே கரையேறிவிடு, பெருஞ்சாணி அணையில் தண்ணீர் திறந்திருப்பார்கள் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். மீனைத் தூக்கியதும் வயிற்றைத் தடவிப் பார்ப்பார். சினை என்றால் திரும்ப ஆற்றுக்குத்தான். ஒருமுறை மூன்று பேர் வெடித் தோட்டா போட்டு மீன் பிடிக்க வந்தார்கள். எழுந்து நின்று இந்தியில் ஏசினார். ஒரு எழுத்து புரிந்திருக்காது, ஆனால் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள்.

குலசேகரத்துக்காரி:

தம்பி, தொப்பியும் வெட்டுகத்தியும் பலருக்கு இருக்கும். இந்தியில் ஏசியது என்றால் சந்தேகமே இல்லை, அப்பாதான். பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினாலும் அவருக்கு இந்திதான் வரும்.

சுபேதார் ஐயா, நட்சத்திரம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் வாசித்தான்: பஸ்சிமி. அட்டையில் இப்படி எழுதியிருக்கிறேன்:

"மாத்தூர்த் தொட்டிப்பாலத்துக்கு மண் சுமந்தார். மதராஸ் ரெஜிமெண்டில் 17 ஆண்டுகள் பணிபுரிந்தார். 1971 போரில் மேற்கு முனையில் இருந்தார். அங்கிருந்தும் வீட்டுப் பசுவுக்குப் பருத்திக்கொட்டை வாங்கச் சொல்லி எழுதினார். அரை ஏக்கர் ரப்பரைத் தன் கையால் வெட்டி இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். பறளியாற்றில் தூண்டில் போட்டார். சினை மீனை ஆற்றிலேயே விட்டார்."

அண்ணன் இரண்டு முறை வாசித்துவிட்டு, தோட்டாக்காரர்களையும் சேர்க்கலாமே என்கிறார்! இடம் இல்லை. அம்மாவுக்கு வாசித்துக் காட்டியதும் ஒரே திருத்தம் சொன்னாள்: ரப்பர் அரை ஏக்கர் இல்லை, அறுபது சென்ட். மாற்றிவிட்டேன்.

ஓய்வூதிய ஆணையில் அம்மாவின் பெயர் தப்பாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை நாகர்கோவிலுக்குப் போகிறோம். அசல் டிஸ்சார்ஜ் புத்தகத்தையே கொண்டுபோக வேண்டுமா, நகல் போதுமா ஐயா?