சதுர்த்திக்குக் கோழிக்கோட்டிலிருந்து வரலாமா?

(சுந்தராபுரம் குடும்பக் குழு, 16 செப்டம்பர் 2023, சனிக்கிழமை)

சரோஜா அத்தை, காலை 7:10
மீனாக் கண்ணு, வௌவாலிடமிருந்து பரவும் நிபா வைரஸ் காய்ச்சல் பற்றிய செய்தியைப் பார்த்துவிட்டு இரவு முழுவதும் எனக்குத் தூக்கமில்லை. கோழிக்கோட்டில் ஆயிரம் பேரைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். திங்கட்கிழமை சதுர்த்திக்கு வருவதாகத்தானே இருந்தாய். குழந்தையையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு இன்றே கிளம்பி வந்துவிடு.

மீனா, 7:24
அத்தை, ஆயிரத்தைத் தாண்டியது நோயாளிகளின் எண்ணிக்கை அன்று. நோயாளிகளுடன் தொடர்பில் இருந்ததால் கண்காணிக்கப்படுகிறவர்களின் எண்ணிக்கை. நோய் உறுதியானவர்கள் இதுவரை 6 பேர். அவர்களில் 2 பேர் இறந்துவிட்டார்கள்.

சரோஜா அத்தை, 7:31
அந்த எண்ணைச் சிவப்பு நிறத்தில் பாதித் திரைக்குப் போட்டு, பின்னால் ஆம்புலன்ஸ் சத்தத்தையும் ஓடவிட்டால், கீழே பொடி எழுத்தில் வரும் விளக்கத்தை யார் படிப்பார்கள்? நேற்று பழமுதிர் நிலையத்துக்குப் போய், கொய்யா, வாழைப்பழம் எதையும் தொடாமல் வெறுங்கையோடு திரும்பினேன்.

மீனா, 7:52
வௌவால் கடித்த பழத்தைத்தான் தவிர்க்கச் சொல்கிறார்கள். மற்றவற்றைக் கழுவித் தோலுரித்துச் சாப்பிடலாம். இங்கே எங்களுக்குக் கைகொடுத்தது வேறு வகைச் செய்தி. நோயாளி எந்த நாளில், எத்தனை மணிக்கு, எங்கெங்கே சென்றார் என்ற வழித்தட விவரத்தை அரசு வெளியிட்டது. பத்திரிகைகளும் அதைப் போட்டன. நானும் அவரும் உட்கார்ந்து, அந்த நேரங்களில் நாங்கள் எங்கே இருந்தோம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். எதுவும் பொருந்தவில்லை என்று தெரிந்த பிறகே மூச்சு வந்தது. எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு ஒரு மருத்துவமனையின் நேரம் பொருந்தியதால், அவரே சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு வீட்டில் தனித்திருக்கிறார். 2018-இலும் நிபா பெரும்பாலும் நோயாளியை அருகிலிருந்து கவனித்தவர்களுக்கும், மருத்துவமனையில் உடனிருந்தவர்களுக்குமே பரவியது.

சரோஜா அத்தை, 7:58
எல்லாம் சரி, ஆனாலும் இங்கே வந்துவிட்டால் எனக்கு நிம்மதி. வாளையாறு எல்லைச் சோதனைச் சாவடியில்தான் எல்லோருக்கும் காய்ச்சல் பார்த்து அனுப்புகிறார்களே.

பெரியப்பா, 8:20
சரோஜா, நிபா தொற்றியவருக்குப் பொதுவாக 4 முதல் 14 நாட்கள் கழித்தே அறிகுறி தெரியும் என்பதால், வாளையாற்றில் காய்ச்சல் இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நான் 1994-இல் சூரத்தில் துணி வியாபாரத்தில் இருந்தபோது, விநாயகர் ஊர்வலம் முடிந்த சில நாட்களில் நுரையீரல் பிளேக் என்ற செய்தி வந்தது. இறந்தவர்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு விதமாகப் போட்டது. குடிநீரில் விஷம் கலந்துவிட்டார்கள் என்ற வதந்தி வேறு. சில நாட்களில் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நானும் ரயிலேறினேன். ரயில் நிலையத்தில் நெருக்கியடித்து நின்ற எங்கள் படம் மறுநாள் பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்து மேலும் பலர் மூட்டை கட்டினார்கள். செய்தியைப் படித்து ஓடிய நாங்களே அடுத்தவர்களை ஓடவைக்கும் செய்தியாகிவிட்டோம்.

பிளேக்குக்குக் கொடுக்கும் டெட்ராசைக்ளின் மாத்திரைக்கு டெல்லி வரை தட்டுப்பாடு வந்தது. நோயில்லாத நான்கூட இரண்டு நாள் விழுங்கிவிட்டு நிறுத்தினேன். அது அரைகுறை வைத்தியம் என்பது அன்று எனக்குத் தெரியாது. கடைசியில் அரசு சொன்ன மரணங்கள் ஐம்பதுக்குச் சற்று அதிகம். அதே ஆண்டில் இந்தியாவில் காசநோயால் லட்சக்கணக்கானோர் இறந்தார்கள். அதற்காக யாரும் ரயிலேறவில்லை. எனக்குத் தொற்றியிருந்தால், உன் அண்ணி இருந்த வீட்டுக்குத்தான் அதைக் கொண்டுவந்து சேர்த்திருப்பேன்.

கதிர், 8:41
பெரியப்பா சொல்வது நம் தெருவுக்கும் பொருந்துகிறது. போன வாரம் மூன்றாவது வீட்டில் இரண்டு பேருக்கு டெங்கு வந்தது. நம் தெருவுக்கு எந்தக் கேமராவும் வரவில்லை. நாமும் மொட்டைமாடித் தொட்டியைக் கழுவவில்லை. இப்போது ஏறிப் பார்த்தேன், மூடி விலகியிருக்கிறது, தண்ணீரில் கொசுப்புழு நெளிகிறது.

சரோஜா அத்தை, 8:44
நெளிகிறதா? அப்படியென்றால் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் தண்ணீரைத் திறந்துவிடு, நான் துடைப்பத்தோடு வருகிறேன். மீனா, நீ அங்கேயே இரு. கொழுக்கட்டையைக் காணொளி அழைப்பில் காட்டுகிறேன். அந்த வழித்தட விவரம் புதிதாக வந்தால் தொலைக்காட்சியில் வருவதற்கு முன்பே எனக்கு அனுப்பிவிடு.