சாய்ஸ் லிஸ்ட்டை நெட் சென்டர்காரர் போட்டுவிட்டார், நாளை மாலை 5 மணியோடு முடிகிறது. மாற்ற முடியுமா?

திருவட்டார் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கு 92, இயற்பியல் 85, வேதியியல் 88. இன்ஜினியரிங் கட்-ஆஃப் 178.5. நாங்கள் பி.சி. இப்போது கவுன்சலிங்கில் இரண்டாவது ரவுண்டு சாய்ஸ் ஃபில்லிங் நடக்கிறது, அதாவது வேண்டிய கல்லூரியையும் பிரிவையும் வரிசைப்படுத்தி ஆன்லைனில் கொடுப்பது.

வீட்டுக்காரருக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. எனக்கும் அவருக்கும் இந்த ஆன்லைன் விஷயம் தெரியாது. பக்கத்து நெட் சென்டரில்தான் ஆரம்பத்திலிருந்து எல்லாம் செய்தோம். பதிவு செய்தபோது என்னிடம் பட்டன் போன்தான் இருந்தது. அதனால் நெட் சென்டர்காரர் தன்னுடைய மொபைல் எண்ணையும் மெயிலையும் கொடுத்துப் பதிவு செய்துவிட்டார். பாஸ்வேர்டும் அவரிடம்தான்.

நேற்று சாய்ஸ் போட்டு பிரிண்ட் எடுத்துத் தந்தார். மொத்தம் 42. வீட்டுக்கு வந்து மகள் பார்த்தாள். முதல் 18-ம் கம்ப்யூட்டர் சயின்ஸ். பாதிக் கல்லூரிகளின் பெயரைக்கூட நாங்கள் கேட்டதில்லை. அவள் ஆசைப்பட்ட சிவில், நாகர்கோவில் கோணத்தில் இருக்கிற யுனிவர்சிட்டி காலேஜ், 31-வது இடத்தில் கிடக்கிறது. போனில் கேட்டால், "சிவிலுக்கு வேலை இல்லம்மா, நான் பார்த்துத்தான் போட்டிருக்கேன்" என்கிறார்.

எங்கள் வீட்டிலிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம் நடந்து போகிற தூரம். சின்ன வயசிலேயே அங்கே போய் நின்று, ஆற்றுக்கு மேலே இன்னொரு ஆறு எப்படிம்மா போகுது என்று கேட்பாள். சிவில்தான் வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்து சொல்கிறாள். ராத்திரி அந்தப் பேப்பரை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

இதை மாற்ற முடியுமா? இல்லை, இப்படியே விட்டுவிட்டுப் பிறகு 'அப்வர்ட்' (வேறு நல்ல இடத்துக்குக் காத்திருக்கிறேன் என்பது) கொடுத்தால் கோணம் கிடைக்குமா? இன்னொன்று. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு என்று நெட் சென்டர்காரர் டிக் செய்திருந்தார். சரிபார்ப்பில் அதை எடுத்துவிட்டார்கள். அவள் ஆறிலிருந்து பத்து வரை சர்ச் ஸ்கூல், அப்புறம் இரண்டு வருஷம் அரசுப் பள்ளி. சர்ச் ஸ்கூலும் அரசு உதவி பெறும் பள்ளிதானே? ஏன் எடுத்தார்கள்?

கோணம் பழைய மாணவன்:

அக்கா, முதலில் ஒன்று சொல்லுங்கள். லிஸ்ட்டை லாக் செய்துவிட்டாரா (இதுதான் முடிவு என்று பூட்டுவது), சேவ் மட்டும் செய்திருக்கிறாரா?

திருவட்டார் அம்மா:

இப்போதுதான் கேட்டேன் தம்பி. லாக் செய்யவில்லையாம், நாளை மத்தியானம் செய்வாராம்.

கோணம் பழைய மாணவன்:

அப்போது பயமே இல்லை. நாளை 5 மணி வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் வரிசையை மாற்றலாம், நீக்கலாம், சேர்க்கலாம். ஆனால் மாற்றியே ஆக வேண்டும் அக்கா. அப்வர்டை நம்பி விடாதீர்கள்.

காரணம் இதுதான். கம்ப்யூட்டர் உங்கள் மகளின் ரேங்க் வரும்போது அவள் லிஸ்ட்டை மேலிருந்து கீழே படிக்கும். முதலில் எந்த இடம் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே இருக்கிறவற்றைத் திரும்பிப் பார்க்காது. ஏழாவது கல்லூரி கிடைத்துவிட்டால் 31-வது இடத்தில் கோணம் காலியாகக் கிடந்தாலும் அவளுக்கு இல்லை. அப்வர்ட் என்பது கிடைத்த இடத்துக்கு மேலே உள்ள ஆறு கல்லூரிகளுக்கு மட்டும்தான். கீழே இருக்கிற கோணத்துக்கு அது வழியே இல்லை.

நான் 2016-ல் கவுன்சலிங் போனவன். அப்போது நேரில்தான். அப்பாவும் நானும் குழித்துறையில் அனந்தபுரி ஏறி சென்னை போனோம். அண்ணா பல்கலைக்கழகத்தில் பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் பாக்கி என்று ஓடிக்கொண்டே இருக்கும். முறை வந்ததும் உள்ளே போய், கண்முன்னால் இருப்பதில் ஒன்றை எடுத்துவிட்டு வரலாம். 2018-லிருந்து ஆன்லைன். எது மிச்சம் இருக்கும் என்று தெரியாமல் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறோம். அதனால் இப்போது எல்லாமே வரிசையில்தான் இருக்கிறது. கட்-ஆஃப் கூடின கல்லூரி, குறைந்த கல்லூரி என்று அடுக்க வேண்டாம். எது ரொம்பப் பிடிக்குமோ அது மேலே, அவ்வளவுதான். கிடைக்காத ஒன்றை முதலில் போட்டால் கம்ப்யூட்டர் அதைத் தாண்டி அடுத்ததைப் பார்க்கும். நஷ்டம் எதுவும் கிடையாது.

தக்கலை ஆசிரியர்:

தங்கச்சி, 33 வருஷம் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுத்தவன் நான். 7.5 பற்றிக் கேட்டாயே, அதைச் சொல்கிறேன்.

அந்த ஒதுக்கீடு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை முழுவதும் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு. மருத்துவத்துக்கு 2020-லும், இன்ஜினியரிங் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021-லும் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளி அதில் சேராது. நம் மாவட்டத்தில் முக்கால்வாசிப் பேர் குழம்புகிற இடம் இது. இங்கே ஊருக்கு ஊர் சர்ச் பள்ளி, சம்பளம் கொடுப்பது அரசு, புத்தகமும் சத்துணவும் அரசு. அதனால் அதுவும் அரசுப் பள்ளி என்றே பேசிப் பழகிவிட்டோம். சரிபார்ப்பில் எடுத்தது சரிதான். உன் மகள் பெயரில் தப்பு எதுவும் ஏறாது. பொதுப் பிரிவிலும் பி.சி.யிலும் அவள் ரேங்க் அப்படியே இருக்கும்.

ஆனால் வேறொன்று உண்டு. மாசம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டம் முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது. 2024 டிசம்பர் கடைசியிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண் பிள்ளைகளுக்கும் உண்டு. மகள் ஆறிலிருந்து தமிழ் மீடியமா? ஆமாம் என்றால், கல்லூரியில் சேர்ந்ததும் அந்தத் திட்டத்தைப் பார்க்கிற ஆசிரியர் யார் என்று கேட்டு, அவர் மூலமாக விண்ணப்பிக்கச் சொல். கேட்காமல் இருந்தால் யாரும் தேடி வந்து தரமாட்டார்கள்.

வீட்டில் இதற்கு முன் யாராவது டிகிரி முடித்திருக்கிறார்களா?

திருவட்டார் அம்மா:

தமிழ் மீடியம்தான் சார். யாரும் முடித்ததில்லை. மூத்தவன் ஐ.டி.ஐ. படித்துவிட்டு சவுதியில் இருக்கிறான். முதல் பட்டதாரி சான்றிதழ் தாசில்தார் ஆபீசில் வாங்கி ஏற்கெனவே ஏற்றியிருக்கிறது.

தக்கலை ஆசிரியர்:

ரொம்ப நல்லது. அரசு கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் அந்தச் சலுகை. டியூஷன் ஃபீஸில் கழியும். பரீட்சைக் கட்டணம், ஹாஸ்டல், பஸ் இவை நம் கையிலிருந்துதான் போகும். அதைக் கணக்கில் வைத்துக்கொள்.

கருங்கல் அப்பா:

நான் ஒரு விஷயம் சொல்கிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம். எல்லா நெட் சென்டர்காரரையும் குறை சொல்லவில்லை. ஆனால் கேள்விப்படாத கல்லூரிகள் வரிசையாக மேலே வந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். பிள்ளைகளைப் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கிற கல்லூரிகள் உண்டு.

என் மகனுக்கு நடந்தது. கவுன்சலிங்குக்கு ஒரு மாசம் முன்னாலேயே ஒருவர் வீட்டுக்கு வந்தார். பஸ் இலவசம், ஹாஸ்டல் பாதி, இப்போதே சீட் பிடித்து வைக்கலாம் என்றார். நானும் 10,000 ரூபாயும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் டி.சி.யும் கொடுத்துவிட்டேன். கவுன்சலிங்கில் அதைவிட நல்ல இடம் கிடைத்தது. ஒரிஜினலைக் கேட்டுப் போனால், முழு வருஷ ஃபீஸைக் கட்டிவிட்டு எடுத்துக்கொள் என்றார்கள். அந்த வாசலில் நான்கு நாள் நின்றிருக்கிறேன். கல்லூரிகள் ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-லேயே சொல்லியிருக்கிறது. அதை எழுத்தில் கேட்டுப் புகார் கொடுக்கப் போகிறேன் என்ற பிறகுதான் தந்தார்கள். அதற்குள் அந்தச் சீட்டின் தேதி போய்விட்டது. அவன் இன்றைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

தங்கச்சி, ஒரிஜினல் எதுவும் அவரிடம் இருந்தால் இன்றைக்கே வாங்கிவிடு.

திருவட்டார் அம்மா:

ஒரிஜினல் எல்லாம் வீட்டில்தான் இருக்கிறது அண்ணாச்சி. உங்கள் பையன் விஷயம் படிக்கவே கஷ்டமாக இருந்தது.

பாஸ்வேர்டுக்கு என்ன செய்வது? மறந்துவிட்டது என்று கொடுத்தாலும் அவர் எண்ணுக்குத்தானே போகும்?

கோணம் பழைய மாணவன்:

முதலில் அண்ணனையும் கூட்டிக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள். சண்டை வேண்டாம், "மகளே இருந்து மாற்றணும்னு சொல்றா, பாஸ்வேர்டு எழுதிக் கொடுங்க" என்று மட்டும். கொடுத்துவிட்டால் உள்ளே போனதும் முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

தரவில்லை, கடை பூட்டியிருக்கிறது என்றால் நேரத்தை வீணாக்காமல் கோணத்தில் இருக்கிற கவுன்சலிங் சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். மகளும் கூட வர வேண்டும். விண்ணப்ப எண், ஆதார், மார்க் ஷீட் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இதற்கென்றே ஆள் உட்கார்ந்திருப்பார்கள், காசு கிடையாது. காலையிலேயே போங்கள். மழை நேரம், உங்கள் பக்கம் கரண்டும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 4 மணிக்கு மேல் சைட்டும் இழுக்கும்.

இன்றைக்கு ராத்திரியே மகளை உட்கார வைத்து லிஸ்ட்டைப் பேப்பரில் எழுதச் சொல்லுங்கள். கல்லூரியின் எண்ணும் பிரிவும் சேர்த்து. நம் பக்கம் ஒரே புனிதர் பெயரில் இரண்டு மூன்று கல்லூரி இருக்கும். பெயரைப் பார்த்துப் போட்டால் மாறிவிடும், எண்ணைப் பாருங்கள். போன வருஷம் ஒவ்வொரு கல்லூரியிலும் பி.சி.யில் கடைசியாக எந்தக் கட்-ஆஃபுக்கு இடம் கிடைத்தது என்று அதே சைட்டில் இருக்கிறது. அது மனசைத் தயார் செய்துகொள்ள மட்டும். வரிசையை அதைப் பார்த்து மாற்ற வேண்டாம்.

திருவட்டார் அம்மா:

எழுதிக்கொண்டிருக்கிறோம். அவளிடம் ஏற்கெனவே ஒரு லிஸ்ட் இருந்திருக்கிறது. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அவள் வாசிக்க, அவள் அப்பா எண்களைப் பிரிண்டோடு ஒத்துப் பார்க்கிறார். ஒட்டுப்பால் கறை விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டு, சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார்.

அவள் வரிசை: சென்னை கிண்டி அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரி சிவில் முதலில். அப்புறம் திருநெல்வேலி அரசு இன்ஜினியரிங் காலேஜ் சிவில். மூன்றாவதுதான் கோணம் சிவில். எனக்குக் கோணம்தான் இரண்டாவது வர வேண்டும் என்று இருக்கிறது. வீட்டிலிருந்து போய் வரலாம், ஹாஸ்டல் செலவு மிச்சம். நெல்லை என்றால் பொம்பளைப் பிள்ளையைத் தனியாக விட வேண்டும். இதில் நான் சொல்வதைச் சொல்லலாமா, கூடாதா?

தக்கலை ஆசிரியர்:

சொல்லு. மனசில் இருப்பதையும் காசுக் கணக்கையும் அவள் முன்னால் அப்படியே சொல். ஹாஸ்டலுக்கு மாசம் எவ்வளவு கொடுக்க முடியும் என்று தெரிந்துகொள்கிற வயசு அவளுக்கு வந்துவிட்டது. ஆனால் அவள் தூங்கின பிறகு வரிசையை மாற்றாதே. கோணத்தை மேலே வைத்தால், நெல்லையில் இடம் இருந்தாலும் கம்ப்யூட்டர் அவளுக்குக் கோணத்தைத்தான் கொடுக்கும். அது அவளுக்குத் தெரிந்தே நடக்க வேண்டும்.

நெல்லை ஹாஸ்டல் அக்கா:

நான் அதே கல்லூரியில்தான் படித்தேன், ஊர் இரணியல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வடசேரி பஸ் ஏறினால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பேன். முதல் இரண்டு மாசம் அம்மா தினமும் அழுதார்கள், நானும்தான். மூன்றாவது மாசம் நான் நிறுத்திவிட்டேன், அம்மா நிறுத்தவில்லை. திரும்பி வரும்போது மரச்சீனி சிப்ஸ் கொடுத்து அனுப்புங்கள், ரூமில் உடனே சேர்ந்துகொள்வார்கள்.

திருவட்டார் அம்மா (மறுநாள் மாலை):

முடிந்தது. நெட் சென்டர்காரர் முகம் கொடுக்கவில்லை, ஆனாலும் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துவிட்டார். பாதி வேலையில் கரண்ட் போய்விட்டது. அதனால் கோணத்துக்கே போனோம். அங்கே ஒரு மேடம் மொபைல் எண்ணை மாற்ற உதவி செய்தார்கள். மகள் பெயரில் நேற்றே புது சிம் வாங்கி, மூத்தவன் விட்டுப்போன பழைய போனில் போட்டிருந்தோம். அவளே உட்கார்ந்து 26 சாய்ஸ் போட்டாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் மொத்தத்தையும் எடுத்துவிட்டாள். 3.20-க்கு லாக்.

நெல்லை இரண்டாவது இடத்தில்தான் இருக்கிறது. ராத்திரி 11 மணி வரை பேசினோம். வீட்டுக்காரர்தான் கடைசியில், "அவ வரிசையிலேயே இருக்கட்டும்" என்றார்.

திருவட்டார் அம்மா (நான்கு நாள் கழித்து):

தற்காலிக ஒதுக்கீடு வந்துவிட்டது. திருநெல்வேலி, சிவில். இப்போது அக்செப்ட் அண்ட் ஜாயின் கொடுக்கவா, அக்செப்ட் அண்ட் அப்வர்ட் கொடுக்கவா என்று கேட்கிறது. மேலே கிண்டி ஒன்றுதான் இருக்கிறது.

கோணம் பழைய மாணவன்:

வாழ்த்துகள் அக்கா! தங்கச்சிக்கும் சொல்லுங்கள்.

அப்வர்ட் கொடுத்தால் நெல்லை கையில் இருக்கும், சேவை மையத்தில் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிண்டி வந்தால் நெல்லை தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. வந்தால் சென்னை போகத் தயார் என்றால் மட்டும் அப்வர்ட். இல்லையென்றால் ஜாயின். 178.5-க்குக் கிண்டி சிவில் கஷ்டம்தான். டிக்ளைன் (கிடைத்த இடம் வேண்டாம்) என்று தொடங்குகிற எதையும் தொட வேண்டாம்.

திருவட்டார் அம்மா:

கேட்டேன். "நெல்லை போதும்மா" என்கிறாள். ஜாயின் கொடுத்துவிட்டாள். எத்தனை செட் ஜெராக்ஸ் எடுத்து வைக்க வேண்டும்?

நெல்லை ஹாஸ்டல் அக்கா:

ஐந்து செட் எடுங்கள், ஹாஸ்டலுக்குத் தனியாக இரண்டு. மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ், அதன் கூட்டு உறுதிமொழிப் படிவம், வருமானச் சான்றிதழ். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ பத்து. வாளி, கொடிக்கயிறு, கிளிப் நெல்லையிலேயே வாங்கிக்கொள்ளலாம், வீட்டிலிருந்து சுமக்க வேண்டாம். குடை மட்டும் மறக்காமல் கொடுத்து அனுப்புங்கள், வருகிற நாளில் ஊரில் மழையாகத்தான் இருக்கும்.