லாக் எடுத்து வந்த இடைவெளியை 1,200-ஆல் பெருக்கலாமா?

பால்வாளி:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டச் சங்கம் ஒன்றின் மருத்துவ நிதி. 20 கிளினிக் ரசீதில் பாதிக்கு மேல் 60 வெள்ளிக்குள் (வெள்ளி என்றால் ரிங்கிட்), ஒன்று மட்டும் 200-ஐத் தாண்டுகிறது. இயல் மடக்கை (லாக்) எடுத்தால் சராசரி 4.0, திட்ட விலக்கம் 0.8. திட்டப் பிழை 0.8 ÷ √20 = 0.179, 19 கட்டின்மைப் பாகைக்கு (ரசீது எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 95% டி மதிப்பு 2.093. சராசரிக்கான 95% நம்பிக்கை இடைவெளி மடக்கையில் 3.626 – 4.374, வெள்ளிக்குத் திருப்பினால் 37.5 – 79.4. ஆண்டுக்கு 1,200 ரசீது. மேல்முனைப்படி 95,300 வெள்ளி ஒதுக்கினால் போதும்.

ரசீதுக்கட்டு:
போதாது அண்ணே. அந்த இடைவெளி பெருக்கல் சராசரிக்கு, அதாவது 54.6-க்கு. பரவல் லாக்நார்மல் (மடக்கை எடுத்தால் மணிவடிவமாகும் பரவல்) என்றால் அது இடைநிலை, அதாவது வரிசையில் நடுவில் நிற்கும் ரசீது. பெட்டியிலிருந்து போவதோ கூட்டுத்தொகை, அதற்குக் கூட்டுச் சராசரிதான் (கூட்டி எண்ணிக்கையால் வகுப்பது) வேண்டும். 4.0-உடன் விலக்க வர்க்கத்தில் பாதி, 0.32, சேர்த்துத் திருப்புங்கள்: 75.2. 54.6-ஐ நம்பி ஒதுக்கினால் 1,200 ரசீதுக்கு 24,700 வெள்ளி துண்டு விழும்.

பால்வாளி:
சரி, இரண்டு முனையிலும் 0.32 சேர்த்தால் 51.7 – 109.3. முடிந்ததா?

ரசீதுக்கட்டு:
பாதிதான். அந்த 0.32-உம் இதே 20 ரசீதில் வந்தது, அதுவும் ஆடும். இரண்டு ஆட்டத்தையும் சேர்க்கும் காக்ஸ் முறையில் 0.64 ÷ 20 = 0.0320, 0.8-இன் நாலாம் அடுக்கை 2 × 19-ஆல் வகுத்தால் 0.0108. கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.207. அதை 2.093-ஆல் பெருக்கி 4.32-இன் இருபுறமும் வைத்துத் திருப்பினால் 48.8 – 115.9. மேல்முனைக்கு 139,000 வெள்ளி.

ஆயக்கொட்டகை:
இரண்டு பேரும் லாக்நார்மலை வேதவாக்காக எடுத்துக்கொண்டீர்கள். மடக்கைகளைக் கியூ-கியூ படத்தில் (மணிவடிவம் என்றால் புள்ளிகள் நேர்கோட்டில் விழும் படம்) போட்டீர்களா? பெரிய ரசீதுகள் நிற்கும் வால் கோட்டை விட்டு மேலே வளைந்தால் 0.32-க்கு மரியாதை இல்லை. பூட்ஸ்டிராப் செய்யுங்கள், அதாவது இதே ரசீதுகளிலிருந்து மீண்டும் மீண்டும் மறுமாதிரி எடுத்துச் சராசரி பாருங்கள்.

ரசீதுக்கட்டு:
படம் போடுவது நியாயம். ஆனால் 20 ரசீதில் பூட்ஸ்டிராப்பா? மாதிரியில் விழாத பெரிய ரசீது மறுமாதிரியிலும் விழாது. மேல்முனை குறுகி நம்மை ஏமாற்றும். இன்னொன்று: ரசீதே போடாத உறுப்பினரை 0 என்று நுழைக்காதீர்கள். 0-க்கு மடக்கை கிடையாது. 0.01 கூட்டினால் −4.6, 1 கூட்டினால் 0. விலக்கம் நம் இஷ்டத்துக்கு ஆடும்.

பால்வாளி:
95,300-ஐ வாபஸ் வாங்குகிறேன். 240 வெள்ளி டயாலிசிஸ் ரசீதுதான் வாலை இழுக்கிறது, எடுத்துவிடவா?

ஆயக்கொட்டகை:
ஐயோ, எடுக்காதீர்கள்! டயாலிசிஸுக்குத் தனிக் கணக்கு போட்டு மொத்தத்தில் கூட்டுங்கள். அந்தப் பணமும் அதே பெட்டியிலிருந்துதானே போகிறது.