தும்பாவில் அம்மா அடையாளம் கண்ட வெளிச்சம்

கடந்த டிசம்பர் விடுமுறையில் நாகர்கோவிலிலிருந்து குடும்பத்துடன் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா விண்வெளி அருங்காட்சியகத்திற்குச் சென்று வந்தோம். ராக்கெட் என்றால் உணவையும் மறந்துவிடும் என் மகனுக்காகவும், 7-ஆம் வகுப்பில் படிக்கும் மகளுக்காகவும் திட்டமிட்ட பயணம் அது. 72 வயதான என் தாயாரை வீட்டில் தனியாக விட மனமில்லாமல் உடன் அழைத்துச் சென்றோம். அன்றைய நாளில் எங்கள் எல்லோரையும்விட அதிகம் பார்த்தவர் அவர்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

காலையிலேயே புளிசாதமும் தேங்காய்த் துவையலும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். களியக்காவிளையையும் பாலராமபுரத்தையும் கடந்து கழக்கூட்டம் வந்து, கடற்கரைப் பக்கம் திரும்பியதும் அம்மா கண்ணாடியை இறக்கிக் காற்றை முகர்ந்து, "நம்ம குளச்சல் மாதிரியே இருக்கு" என்றார். அவர் பிறந்து வளர்ந்த ஊர் குளச்சல். தும்பாவும் அதே கடலோரத்து மீனவக் கிராமம்தான். நுழைவாயிலில் அடையாள அட்டைகளைச் சரிபார்த்து உள்ளே அனுப்பினார்கள்.

அருங்காட்சியகம் இயங்குவது புனித மகதலேனா மரியாள் ஆலயமாக இருந்த கட்டடத்தில். அம்மா வாசலில் நின்று சிலுவை அடையாளம் வரைந்துகொண்ட பிறகே உள்ளே வந்தார். பீடம் இருந்திருக்க வேண்டிய திசையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் கோடு, இந்தப் பகுதியை ஒட்டிச் செல்வதால், 1960-களின் தொடக்கத்தில் விக்ரம் சாராபாயும் அவருடைய குழுவினரும் ராக்கெட் ஏவுதளத்திற்குத் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தில், பகல் நேரத்தில் ஒரு வலுவான மின்னோட்டம் ஓடுகிறது. பலூன்கள் அவ்வளவு உயரம் எட்டுவதில்லை, செயற்கைக்கோள்களோ அதற்கும் மேலே சுற்றுகின்றன. ஆகவே அதனுள் நுழைந்து அளக்க ராக்கெட்டைத் தவிர வேறு வழியில்லை. ஆலயமும் மக்களின் வீடுகளும் இருந்த அந்த நிலத்தைத் தரும்படி ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா ஞாயிறு திருப்பலியில் மக்களிடமே கேட்டதையும், அவர்கள் இசைந்ததையும் அப்துல் கலாம் பலமுறை நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார். கோயிலைக் கொடுப்பது கடலோர மக்களுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது அந்த மக்களுக்குள் பிறந்த எனக்குத் தெரியும். அதற்கு அங்கே இன்னும் பெரிதாக ஒரு நினைவுக்குறிப்பு வைக்கலாம் என்பது என் ஆசை.

மகனுக்கு ஆர்.எச். எனப்படும் ரோகிணி வரிசை ஆய்வு ராக்கெட்டுகள் பிடித்துப்போயின. பெயருக்குப் பின்னால் வரும் எண், ராக்கெட்டின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது என்று தெரிந்ததும் ஒவ்வொன்றாகத் தேடிச் சென்றான். 1967 நவம்பர் 20 அன்று ஏவப்பட்ட ஆர்.எச்.-75, முழுக்க இந்தியாவில் உருவான முதல் ராக்கெட். 75 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று இரண்டு கைகளையும் வளைத்துக் காட்டி, "இவ்வளவுதானா?" என்று கேட்டான். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்குள், 1980 ஜூலை 18 அன்று, 22 மீட்டர் உயர எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணி என்ற செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்தது. மற்ற மாதிரிகளையும் பார்த்தோம். அவற்றை விரிவாக எழுதப் போவதில்லை.

முதல் ராக்கெட்டைப் பற்றிய பகுதிக்கு வந்தபோதுதான் அது நடந்தது. 1963 நவம்பர் 21 மாலை, அமெரிக்கா கொடுத்த நைக்கி-அப்பாச்சி என்ற ராக்கெட், பிரான்சிலிருந்து வந்த சோடியக் கலனைச் சுமந்து இங்கிருந்து கிளம்பியது. உயரத்தில் வெளியிட்ட சோடிய ஆவி ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்ததாகவும், கேரளக் கரையிலும் தமிழ்நாட்டின் தென்பகுதியிலும் மக்கள் அதைப் பார்த்ததாகவும் விளக்கம் சொல்லிவந்த இளம்பெண் மலையாளத்தில் கூறினார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது நான் பாத்திருக்கேன் மக்களே."

முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அறுபது வருடங்களுக்கு முந்தைய ஒரு மாலை எப்படி நினைவிருக்கும் என்று கேட்டேன். "அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு கென்னடி செத்துப்போனாருன்னு கோயில்ல மணியடிச்சாவ. அந்த வெளிச்சம் வந்ததாலதான் அவர் செத்தாருன்னு எங்க பாட்டி சொல்லிச்சு" என்றார். கென்னடி சுடப்பட்டது நவம்பர் 22. நம் ஊருக்கு அந்தச் செய்தி மறுநாள்தான் வந்திருக்கும். கணக்குச் சரியாக இருந்தது. பத்து வயதுச் சிறுமியாக, காய்ந்த வலைகளைச் சுருட்டும் நேரத்தில், கரையில் நின்று வடமேற்கே பார்த்த ஒன்றை இத்தனை காலமும் ஏதோ கெட்ட சகுனமாகவே அவர் மனத்தில் வைத்திருந்திருக்கிறார். எங்களில் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பெண்ணுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னபோது அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. வெளிச்சம் எப்படி இருந்தது என்று கேட்டார். ஆரத்தித் தட்டில் கரைத்த மஞ்சளும் சுண்ணாம்பும் சிவக்கத் தொடங்கும்போது வருகிற நிறம் என்று அம்மா சொன்னார். நேராக நிற்கவில்லை, பாம்பு போல நெளிந்தது என்றும் சொன்னார். அதைத்தான் விஞ்ஞானிகள் படமெடுத்தார்கள் என்று அந்தப் பெண் விளக்கினார். தரையில் இருட்டிய பிறகும் அவ்வளவு உயரத்தில் வெயில் இருக்கும். அந்த ஒளி பட்டுத்தான் சோடியம் மின்னும். ஆகவேதான் அந்திப் பொழுதைத் தேர்ந்தெடுத்தார்கள். வெவ்வேறு உயரங்களில் காற்று வெவ்வேறு திசையில், வெவ்வேறு வேகத்தில் வீசுவதால் கோடு வளைகிறது. பல இடங்களிலிருந்து எடுத்த படங்களில் அந்த வளைவைக் கணக்கிட்டு மேல் வளிமண்டலக் காற்றை அளந்தார்கள். சாலையோரங்களில் முன்பு எரிந்த மஞ்சள் சோடியம் விளக்குகளும் இதே நிறம்தான் என்று என் கணவர் மகளிடம் சொன்னார்.

மதியம் பள்ளித்துறையில், அந்த மக்களுக்காக எழுப்பப்பட்ட புதிய மகதலேனா மரியாள் ஆலயத்திற்கு அம்மா போக வேண்டும் என்றார். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியில் வண்டியில் மகள் தன் நோட்டுப்புத்தகத்தைப் பாட்டியிடம் கொடுத்து வரையச் சொன்னாள். அம்மா முதலில் கடல் கோட்டைப் போட்டார், அதன்மேல் இரண்டு தென்னைகள், பிறகு மேலே கீழிருந்து மூன்று இடங்களில் வளைந்து ஏறும் ஒரு கோடு. மகள் ஒவ்வொரு வளைவின் பக்கத்திலும் அம்புக்குறி போட்டு, காற்று எந்தப் பக்கம் வீசியிருக்கும் என்று எழுதத் தொடங்கினாள். இரண்டாவது வளைவு இடப்பக்கமா வலப்பக்கமா என்று இருவரும் நெய்யாற்றின்கரை தாண்டும் வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.